விழுமியத்தை அன்றாடச் சங்கல்பமாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருணை, வாய்மை, பொறுமை, எளிமை என்று தாம் மதிக்கும் பண்புகளைச் சொல்லச் சொன்னால் எவரும் தயங்குவதில்லை. அந்தப் பண்புகள் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு என்ன செய்கின்றன என்று கேட்டால்தான் பேச்சு நிற்கிறது. அந்த இடைவெளியைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

விழுமியமும் சங்கல்பமும் வேறு வேறா?

வேறுதான். விழுமியம் என்பது வாழ்நாள் முழுவதும் நடந்தாலும் தீராத ஒரு திசை. ‘நான் கருணையுள்ளவனாக இருக்க வேண்டும்’ என்பதை எந்த ஒரு நாளிலும் முடித்துவிட முடியாது. அதனாலேயே அதை எந்த நாளிலும் தொடங்காமல் இருந்துவிடவும் முடியும். சங்கல்பத்துக்கு இடம் உண்டு, வேளை உண்டு, அளவு உண்டு. இரவு படுக்கப் போகும்போது ‘செய்தேனா?’ என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று பதில் வர வேண்டும். ‘ஓரளவு’ என்று பதில் வந்தால், நீங்கள் காலையில் எடுத்துக்கொண்டது இன்னும் விழுமியமாகவே இருக்கிறது.

அதே நேரத்தில் சங்கல்பம் வேலைப்பட்டியலும் ஆகாது. ‘ஒன்றாம் தேதி சம்பளம் கொடுக்க வேண்டும்’ என்று நாட்காட்டியில் குறித்து வைப்பது வேலை. ‘வீட்டு வேலைக்கு வருகிற அம்மா சம்பளத்தை வாய்விட்டுக் கேட்கும் நிலைக்கு அவரை ஒருபோதும் தள்ளமாட்டேன், ஒன்றாம் தேதி அவர் உள்ளே வந்தவுடன் கையில் கொடுத்துவிடுவேன்’ என்று முடிவெடுப்பது சங்கல்பம். கைமாறும் பணம் ஒன்றுதான் என்றாலும், இரண்டாவதில் நீங்கள் மதிக்கும் ஒரு நீதி செயலாகிறது.

இது மேல்நாட்டுச் சுயமுன்னேற்றப் பயிற்சியைப் போலத் தெரிகிறதே? நம் மரபில் இதற்கு இடம் இருக்கிறதா?

தாராளமாக இருக்கிறது. சொல்லப்போனால் நம் மரபுகள் இதை இன்றைய பயிற்சி வகுப்புகளைவிடத் துல்லியமாகச் செய்திருக்கின்றன.

திருமந்திரத்தில், எல்லோராலும் இயலக்கூடியவை என்று திருமூலர் நான்கைச் சொல்கிறார்: இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப்புல், உண்ணும்போது ஒரு கைப்பிடி, பிறருக்கு ஒரு இன்சொல். பக்தியும் ஈகையும் அன்பும் மிகப் பெரிய பொருள்கள். அவற்றைத் தனித்தனியாக விளக்கிப் பல நூறு பாடல்கள் பாடியவரே, அன்றாடம் என்று வரும்போது ‘ஒரு இலை, ஒரு பிடி’ என்று அளவைக் குறைத்துவிடுகிறார். அதிலும் ‘உண்ணும்போது’ என்று வேளையைக் குறித்திருப்பதைக் கவனிக்க வேண்டும். ‘வசதிப்படும்போது தானம் செய்’ என்று அவர் சொல்லவில்லை.

பூஜைக்கு முன் சொல்லும் சங்கல்ப மந்திரத்தையும் பாருங்கள். பரத கண்டத்தில், இந்தப் பெயருள்ள ஆண்டில், இந்த அயனத்தில், இந்த ருதுவில், இந்த மாதத்தில், இந்தத் திதியில், இந்தக் கிழமையில் என்று நிற்கும் இடத்தையும் காலத்தையும் படிப்படியாகக் குறுக்கிக்கொண்டே வந்து, கடைசியில்தான் ‘இதைச் செய்யப்போகிறேன்’ என்று முடிகிறது. பாதி தூக்கத்தில் சாஸ்திரிகள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவதால் இந்த அமைப்பை நாம் கவனிப்பதில்லை.

ரமலான் நோன்பு முழு மாதத்துக்குமான கடமை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் தமிழகக் கடற்கரை ஊர்களில் பலர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் (இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்று), ஒவ்வோர் இரவும் ஃபஜ்ர் என்னும் வைகறை வேளைக்கு முன்பாக மறுநாள் நோன்புக்கென்று தனியாக நிய்யத், அதாவது மன உறுதி, வைத்தாக வேண்டும். மாதம் தொடங்கும்போது ஒரே முறை மொத்தமாக வைத்துவிட முடியாது. சமணத்தின் ஒரு பிரிவினரான சுவேதாம்பரர்களிடம், சூரிய உதயத்துக்குப் பின் 48 நிமிடம் கழியும் வரை உண்பதில்லை, நீர் அருந்துவதில்லை என்ற சிறிய விரதம் உண்டு. அதையும் அன்றன்று வாய்விட்டுச் சொல்லியே ஏற்கிறார்கள். கத்தோலிக்க மரபில், இயேசு சபையை நிறுவிய இக்னேசியஸ் லொயோலா வகுத்து 1548ஆம் ஆண்டு திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலைப் பெற்ற ஆன்மிகப் பயிற்சிகளில், காலையில் எழுந்தவுடன் ஒரே ஒரு குறையை முன்னிறுத்தி உறுதி எடுத்துக்கொள்வதும் நண்பகலிலும் இரவிலும் அதைச் சரிபார்ப்பதும் முறையாக எழுதப்பட்டிருக்கின்றன.

நம்பிக்கைகள் மாறினாலும் செய்முறை ஒன்றாகவே இருக்கிறது: பெரியதை நாள்தோறும் புதிதாக, சிறிய அளவில் ஏற்றுக்கொள்கிறார்கள்.

என் விழுமியங்கள் எவை என்று எப்படிக் கண்டுகொள்வது?

அழகான சொற்களின் பட்டியலை முன்னால் வைத்துப் பிடித்தவற்றில் வட்டமிடும் பயிற்சி ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அந்தப் பட்டியலில் வேண்டாம் என்று ஒதுக்கத்தக்க சொல் எதுவுமே இருக்காது என்பதால், நாம் எப்படிப்பட்டவராகத் தெரிய விரும்புகிறோம் என்பது மட்டும்தான் வெளிவரும்.

கடந்த ஓராண்டில் நீங்கள் செய்தவற்றில் எதை நினைத்தால் இன்றும் கூசுகிறது என்று பார்ப்பது நல்ல தொடக்கம். யாருக்கும் தெரியாத ஒரு சிறு பொய் இன்றும் உறுத்தினால், வாய்மை உங்களுக்கு வெறும் சொல் அல்ல. உங்கள் குடும்பத்தில் நீங்கள் உண்மையாகவே மதித்த ஒரு பெரியவரை நினைத்து, அவர் செய்த எந்தக் காரியத்துக்காக அவரை மதித்தீர்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். பாட்டி எந்த நேரத்தில் யார் வந்தாலும் ‘சாப்பிட்டியா?’ என்று கேட்காமல் விட்டதில்லை என்ற நினைவு, விருந்தோம்பல் பற்றிய எந்தச் சொற்பொழிவையும்விடத் தெளிவாக வழிகாட்டும்.

எண்ணிக்கையில் அடக்கம் தேவை. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்ளின் 13 பண்புகளைத் தேர்ந்து, வாரத்துக்கு ஒன்றாக, ஆண்டுக்கு நான்கு சுற்று வருமாறு ஒரு சிறு நோட்டில் கட்டம் போட்டு, தவறும்போதெல்லாம் கரும்புள்ளி வைத்து வந்தார். முதலில் அவர் எழுதியவை 12தான். ‘உமக்குக் கர்வம் அதிகம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்’ என்று குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு நண்பர் எடுத்துச் சொன்ன பிறகுதான் பதின்மூன்றாவதாகப் பணிவைச் சேர்த்தார். நமக்கு எது தேவை என்பதைப் பல நேரங்களில் நம்மோடு பழகுபவர்களே நம்மைவிட நன்றாக அறிந்திருக்கிறார்கள் என்பதால், துணிவிருந்தால் வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டுவிடுவது உத்தமம். அவர்கள் தயங்காமல் பதில் சொல்வார்கள். ஒரு நேரத்தில் ஒரு விழுமியத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வங்கியில் வேலை பார்க்கிறேன். பொறுமை வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டுதான் கிளம்புகிறேன். பதினொன்றரை மணிக்குள் குரல் உயர்ந்துவிடுகிறது. இதை எப்படிச் சங்கல்பமாக எழுதுவது?

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. நாள் முழுவதும் நீங்கள் பொறுமை இழப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் இழக்கிறீர்கள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மாதத்தின் முதல் வாரம், பென்ஷன் வரும் நாள் என்று வைத்துக்கொள்வோம். வரிசை கதவைத் தாண்டி நிற்கிறது. ஒரு முதியவர் பாஸ்புக்கை நீட்டி, ‘பணம் ஏறிடுச்சா தம்பி?’ என்கிறார். பதிவு போட்டுக் கொடுக்கிறீர்கள். அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறார், கண்ணைச் சுருக்குகிறார், மறுபடியும் ‘ஏறிடுச்சா?’ என்கிறார். ‘அதான் போட்டிருக்கே, பாருங்க’ என்கிறீர்கள். மூன்றாவது முறை அவர் கேட்கும்போது பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள், உங்கள் குரல் உயர்கிறது. இயந்திரத்தின் மை மங்கியிருக்கிறது, அவர் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். அச்சிட்ட தாள் அவருக்குப் பயன்படவில்லை. ஒரு மனிதர் அந்தத் தொகையைச் சொல்லிக் காதால் கேட்டால்தான் அவர் மனம் ஆறும்.

ஆகவே ‘இன்று பொறுமையாக இருப்பேன்’ என்பதை விட்டுவிட்டு இப்படி எழுதுங்கள்: ‘ஒருவர் அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டவுடன், பாஸ்புக்கை என் பக்கம் வாங்கி, அந்த வரியின் கீழே பேனாவால் கோடு போட்டு, “ஐயா, இந்த மாசப் பணம் இவ்வளவு” என்று தொகையை வாய்விட்டுச் சொல்வேன்.’ இதில் பொறுமை என்ற சொல்லே இல்லை, ஆனால் பொறுமை செய்ய வேண்டிய வேலை முழுவதும் இருக்கிறது. மூன்றாவது கேள்வி எழாது என்பதால் வரிசையும் விரைவாக நகரும்.

‘இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்’ என்ற இந்த அமைப்பின் வலிமையை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் விரிவாக விளக்கினார். 2006ஆம் ஆண்டு அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் குறிக்கோளோடு நிறுத்திக்கொண்டவர்களைவிட, வேளையையும் இடத்தையும் செயலையும் முன்கூட்டியே இணைத்து வைத்தவர்கள் தெளிவாகத் தெரியும் அளவுக்கு அதிகமாகச் செய்து முடித்தார்கள் என்று தெரிந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான்: எரிச்சல் வந்த பிறகு என்ன செய்வது என்று யோசிக்க மனத்துக்கு அவகாசம் இல்லை, யோசனை முன்பே முடிந்திருக்க வேண்டும்.

வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலையில் வரும் சினம் தவிர்த்தல் பயிற்சியும், யார் யார்மீது சினம் எழுகிறது என்று முதலில் பட்டியல் எழுதச் சொல்கிறது. சினத்துக்கு முகவரி இருக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டால்தான் அதை அந்த முகவரியில் போய்ச் சந்திக்க முடியும்.

ஒரு நாளின் சங்கல்பம் எவ்வளவு சிறியதாக இருக்கலாம்? சிறியதைச் செய்துவிட்டுத் திருப்திப்படுவது ஏமாற்று இல்லையா?

சமணத்தில் கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பாலொழுக்கம், பொருட்பற்றின்மை என்ற ஐந்தும் துறவிக்கும் இல்லறத்தாருக்கும் பொதுவானவை. ஆனால் துறவி ஏற்பது மகாவிரதம் (பெரிய விரதம்), இல்லறத்தார் ஏற்பது அணுவிரதம் (சிறிய விரதம்). விழுமியத்தில் சலுகை கிடையாது. அளவை மட்டும் வாழும் சூழலுக்கேற்ப வைக்கிறார்கள். 1949ஆம் ஆண்டு சமணத் துறவி ஆச்சாரிய துளசி தொடங்கிய அணுவிரத இயக்கம் இந்த எண்ணத்தைச் சமணர் அல்லாதவர்களிடமும் கொண்டுபோனது. சிறிய அளவை ஏமாற்று என்று நினைப்பவர்கள், பெரும்பாலும் பெரிய அளவைச் செய்யாமல் இருப்பதற்கு ஒரு நல்ல காரணம் தேடுபவர்கள் என்பது என் எண்ணம்.

காஞ்சி மகா பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் வலியுறுத்திய பிடி அரிசித் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். சமைப்பவர் உலையில் தண்ணீர் வைத்துவிட்டு, ஆழாக்கால் அரிசியை அளந்து பாத்திரத்தில் போடுகிறார். களைவதற்கு முன்பு, உலர்ந்த அரிசிக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, அடுப்படி மேடையிலேயே இருக்கும் தனி டப்பாவில் போடுகிறார். அவ்வளவுதான்; பத்து விநாடிகூட ஆகாது. அந்த அளவிலிருந்து எடுப்பதால் வீட்டுச் சோற்றில் ஒரு கவளம் நிஜமாகவே குறைகிறது, ஆனால் யாரும் பசியோடு எழுவதில்லை. ஒரு பிடி என்பது 40 முதல் 50 கிராம். நாளுக்கு ஒரு முறை என்றால் மாதத்தில் 1.2 முதல் 1.5 கிலோ சேரும். ஒரு தெருவில் இருபது வீடுகள் செய்தால் ஒரு மூட்டைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதைக்காட்டிலும் முக்கியம், அந்த வீட்டில் சமைப்பவர் ஒவ்வொரு நாளும் அடுப்பின் முன் நின்று, முகம் தெரியாத ஒருவரின் பசியை ஒரு கணம் நினைத்தாக வேண்டியிருக்கிறது.

இதே வழக்கம் மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவர்களிடம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இருக்கிறது. ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று ஒதுக்குகிறார்கள்; அப்படிச் சேரும் அரிசி அவர்களின் சபைப் பணிகளுக்கு முக்கியமான ஆதாரங்களில் ஒன்று. சமயமும் மொழியும் வேறானாலும், இரு இடங்களிலும் விழுமியம் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

காலையில் எந்த நேரத்தில் சங்கல்பம் எடுத்துக்கொள்ள வேண்டும்?

ஏற்கெனவே நீங்கள் தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு சேர்த்துவிடுங்கள். புதிதாக ஒரு நேரத்தை உருவாக்க முயன்றால் அது இரண்டு வாரத்தில் கரைந்துவிடும். விளக்கேற்றும் நேரம், சுபுஹு என்னும் வைகறைத் தொழுகை, காலை ஜெபம், எதுவும் இல்லாவிட்டால் காபிக்குப் பால் காயும் நேரம் போதும். வள்ளலார் எழுதிய நித்திய கரும விதியில், சூரிய உதயத்துக்கு முன் எழுவதில் தொடங்கி அன்றாடச் செயல்கள் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. தியானம் அந்த வரிசைக்கு நடுவே ஓர் இடத்தில் அமர்கிறது, தனியாக நிற்பதில்லை. கைப்பேசியை எடுப்பதற்கு முன் என்பது மட்டும் இந்தக் காலத்துக்கென்று நான் சேர்க்கும் விதி. அடுத்தவர்கள் அனுப்பியவற்றைப் படித்த பிறகு எடுக்கும் முடிவு பெரும்பாலும் அவர்களுக்கான எதிர்வினையாகவே இருக்கும்.

இரவில் எப்படிச் சரிபார்ப்பது?

இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இக்னேசியஸின் முறையில் ஒரு நாளுக்கு இரண்டு கோடுகள் உண்டு, நண்பகல் வரைக்கும் ஒன்று, இரவு வரைக்கும் ஒன்று. தவறிய எண்ணிக்கைக்கு ஏற்பக் கோட்டில் புள்ளி வைத்து, முதல் கோட்டையும் இரண்டாவதையும், நேற்றையும் இன்றையும், போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதில் எனக்குப் பிடித்தது, எங்கும் விளக்கம் எழுதச் சொல்லவில்லை என்பதுதான். விளக்கம் எழுத இடம் கொடுத்தால் நாம் வக்கீலாக மாறிவிடுகிறோம். ஆம், இல்லை என்ற குறியோடு நிறுத்திக்கொண்டு, இல்லை என்றால் அது எந்த மணிக்கு, யார் முன்னிலையில் நேர்ந்தது என்பதை மட்டும் ஒரு வரி எழுதினால் போதும். நாளைய சங்கல்பம் அந்த வரியிலிருந்து கிடைக்கும்.

இடையில் ஒரு நாள் தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? 21 நாள் செய்தால் பழகிவிடும் என்கிறார்களே?

21 நாள் என்ற கணக்கின் மூலம், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர் 1960ஆம் ஆண்டு எழுதிய ஒரு கவனிப்பு. அறுவைக்குப் பின் நோயாளிகள் தம் புதிய முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாள் ஆகிறது என்றுதான் அவர் குறிப்பிட்டார். ‘குறைந்தது’ காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலியும் உடனிருந்தவர்களும் 96 பேரைக் கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் அளவுக்குப் பழகுவதற்கு 18 நாள் முதல் 254 நாள் வரை என்று ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் மாறியது. நடு அளவு 66 நாள். இடையில் ஒரு நாள் விடுபட்டதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது.

நம்மிடம் இருக்கும் 48 நாள் மண்டலமும் சபரிமலைக்கு மாலை போட்டு இருக்கும் 41 நாளும் இந்த வீச்சுக்குள் நன்றாகவே பொருந்துகின்றன. பழகத் தொடங்குவதற்குப் போதிய காலத்தை அவை கொடுக்கின்றன என்பதோடு, முடிவு தேதி தெரிவதால் தொடங்கும் துணிவும் வருகிறது.

இங்கே ஓர் உண்மையான கருத்து வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். 1930ஆம் ஆண்டு எரவாடா சிறையிலிருந்து சபர்மதி ஆசிரமத்தாருக்கு வாரம்தோறும் எழுதிய கடிதங்களில், காந்தி ஆசிரமத்தின் விரதங்களை ஒவ்வொன்றாக விளக்கினார். ‘முடிந்தவரை செய்கிறேன்’ என்று விரதம் எடுப்பது பலவீனத்தையே காட்டுகிறது என்பது அவர் நிலைப்பாடு. முடிந்தவரை உண்மை பேசுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் எப்போது பொய் சொல்வார் என்பதை அவரே தீர்மானித்துக்கொள்கிறார். தவறினாலும் கவலையில்லை என்னும் இன்றைய அறிவுரைக்கு இது நேர் எதிராகத் தோன்றும். என் பார்வையில் இரண்டுக்கும் இடம் உண்டு. எடுக்கும்போது ‘முடிந்தவரை’ என்ற ஓட்டை இருக்கக் கூடாது. அதற்காகவே அளவைச் சிறியதாக வைக்கச் சொல்கிறோம். தவறிய பிறகு, அதை மறைக்காமல் குறித்துவிட்டு, மறுநாள் காலை அதே இடத்திலிருந்து தொடர வேண்டும். எண்ணிக்கையைச் சுழியத்திலிருந்து மறுபடி தொடங்குவது தண்டனை போலத் தோன்றினாலும், உண்மையில் அது பலருக்கு விட்டுவிடுவதற்கான சாக்காகவே முடிகிறது.

சங்கல்பத்தை மற்றவர்களிடம் சொல்லலாமா?

வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், ஊருக்குச் சொல்லாதீர்கள். ஒரு நல்ல முடிவைச் சொல்லிப் பாராட்டு வாங்கியவுடன் பாதி வேலை முடிந்துவிட்டது போன்ற நிறைவு மனத்தில் வந்துவிடுகிறது. நோன்பிருக்கும்போது முகவாட்டத்தோடு திரியாமல், தலைக்கு எண்ணெய் தேய்த்து முகம் கழுவிக்கொள்ளும்படி இயேசு மலைப்பொழிவில் சொன்னது இதற்கும் பொருந்தும். ஐயப்ப மாலையைப் போல வெளியே தெரியும் அடையாளங்களுக்கு வேறு பயன் உண்டு: சுற்றியிருப்பவர்கள் நம்மைத் தூண்டாமல் ஒதுங்கிக்கொள்கிறார்கள், ‘சாமி’ என்று அழைத்து நினைவூட்டுகிறார்கள்.

படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன். தியானத்துக்கோ பூஜைக்கோ எனக்கு நேரமே இல்லை. நான் என்ன செய்வது?

புதிதாக எதையும் சேர்க்காதீர்கள், அம்மா. நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதற்குள்ளேயே சங்கல்பத்தை வைக்கலாம். உடம்பு துடைத்துவிடும்போது, ‘அத்தை, இப்போ வலது கையைத் தூக்கப்போறேன்’ என்று தொடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்வது அப்படி ஒன்று. நோயாளியை ஒரு பொருளைப் போலப் புரட்டாமல் இருப்பது மட்டுமே அதன் நோக்கம். நேரம் எதுவும் கூடுதலாகத் தேவையில்லை. பதில் சொல்லும் நிலையில் அவர் இல்லாவிட்டாலும் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கருணை உங்கள் விழுமியம் என்றால் அதன் கணக்கில் நீங்களும் ஒரு ஆள். ‘ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் என் கணவர் அருகில் இருக்க வேண்டும் என்று கேட்பேன்’ என்பதும் முறையான சங்கல்பம்தான். சொல்லப்போனால் உங்களுக்கு அதுதான் கடினமானதாக இருக்கும்.

இரண்டு விழுமியங்கள் மோதினால் எதைப் பின்பற்றுவது?

வாய்மையும் கருணையும் மோதுவதுதான் வழக்கமாகக் கேட்கப்படுவது. வாய்மை என்பது பிறருக்குத் தீமை இல்லாததைச் சொல்வது என்று வரையறுத்த வள்ளுவர், அடுத்த குறளிலேயே, குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிறார். இந்த இரண்டாவது குறளை நாம் மிகவும் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். ‘குற்றமற்ற’ என்ற நிபந்தனையைத் தாண்டும் பொய்கள் மிகக் குறைவு. ‘அவர் மனம் நோகும் என்றுதான் சொல்லவில்லை’ என்பவற்றில் பெரும்பகுதி நம் சங்கடத்தைத் தவிர்ப்பதற்காகச் சொல்லப்படுபவை.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது, மோதல் வரும்போது எதை விடுவது என்று யோசிக்காமல், இரண்டுக்கும் இடம் தரும் வேளையையும் முறையையும் தேடுவது. உடன் வேலை செய்பவர் தயாரித்த அறிக்கையில் பிழை இருக்கிறது என்றால், கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்வதற்கும் சொல்லாமலே விடுவதற்கும் நடுவே, கூட்டத்துக்கு முன்பு அவர் மேசைக்குப் போய், ‘இந்த மூன்றாம் பக்கத்துக் கூட்டுத்தொகையை மறுபடி பார்த்துடலாமா?’ என்று கேட்க ஒரு பத்து நிமிடம் எப்போதும் இருக்கிறது. பெரும்பாலான மோதல்கள் தாமதத்தால் உண்டாகின்றன.

பத்து நிமிடம் இல்லாத, உண்மையாகவே மோதும் சில நேரங்களும் உண்டு. மேலதிகாரி பொய்க்கணக்கில் கையெழுத்துப் போடச் சொல்லும் இடத்தில் ‘குடும்பத்தைக் காப்பதும் தர்மம்தானே’ என்ற வாதம் வரும். அதற்கு அன்றாடச் சங்கல்பம் தீர்வாகாது. நம்பத்தக்க பெரியவரிடமும் சட்டம் தெரிந்தவரிடமும் கலந்து பேச வேண்டிய விஷயம் அது.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். யார் முன்னிலையில் உறுதி எடுத்துக்கொள்கிறீர்கள் என்பது மாறுமே தவிர, வேளையும் அளவும் செயலும் மாறுவதில்லை.

சிறு தவறுக்கும் மனம் நாள்கணக்கில் குடைகிறது. நான் இந்தப் பயிற்சியைத் தொடரலாமா?

சிறிது காலம் நிறுத்திவையுங்கள். இக்னேசியஸே 1522ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு மன்ரேசா ஊரில் தங்கியிருந்தபோது, ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் தோண்டியெடுத்து, உயிரை விட்டுவிடலாமா என்று எண்ணும் அளவுக்குத் துன்புற்றார். பிற்காலத்தில் அவர் தம் பயிற்சிகளில் இத்தகைய மனக்குடைச்சலுக்கென்றே தனிக் குறிப்புகளை எழுதி வைத்தார். கைகளைத் திரும்பத் திரும்பக் கழுவுவது, ஜெபத்தையோ மந்திரத்தையோ சரியாகச் சொல்லவில்லை என்று பலமுறை சொல்வது, தவறை நினைத்துத் தூங்காமல் இருப்பது போன்றவை தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். சரியான சிகிச்சையால் நன்கு தணியக்கூடிய நிலை அது. பக்திக் குறைவோடு அதற்குத் தொடர்பு இல்லை.

ஒரு சங்கல்பத்தை எப்போது மாற்றலாம்?

அது யோசிக்காமலே நடக்கத் தொடங்கிவிட்டால் குறிப்பேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், செயல் தொடரும். அதைச் செய்யாதவர்களைக் கண்டு உள்ளுக்குள் ஏளனம் எழத் தொடங்கினாலும் மாற்ற வேண்டும், ஏனென்றால் அப்போது அது வேறொரு பண்பை வளர்த்துக்கொண்டிருக்கிறது. இடமாற்றம், பிரசவம், ஓய்வு, துக்கம் என்று வாழ்க்கையின் சூழல் மாறும்போது பழைய சங்கல்பம் தானாகவே பொருந்தாமல் போகும். வங்கிக் கவுன்டரிலிருந்து உள் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டவருக்குப் பாஸ்புக்கில் கோடு போடும் வேலை இல்லை. ஆனால் கிளைகளிலிருந்து தொலைபேசியில் அதே சந்தேகத்தை இரண்டாம் முறை கேட்கும் புதிய ஊழியர்கள் இருப்பார்கள். விழுமியத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வேளையையும் செயலையும் மட்டும் திருத்தி எழுதுங்கள். சலிப்பு வந்துவிட்டது என்பது மட்டும் மாற்றுவதற்குக் காரணமாகாது. குறைந்தது ஒரு மண்டலம் முடியட்டும்.